ஈரலுக்குள் ஒளிந்த அத்திப்பழம்

“உங்க ஊர் ஈரலுக்குள்ள அத்திப்பழம் எப்படிப் புகுந்துச்சு, தெரியுமா?” என்று ஒரு கிரேக்கக் கப்பல்காரன் ஓர்சொலாவிடம் கேட்டான். வெனிஸில் அவள் அண்ணன் தொனின் நடத்தும் சாப்பாட்டுக்கடையில் அவள்தான் சமையல். அவன் தட்டை எட்டிப் பார்த்தாள். ஈரலோடு வெங்காயம்தான் கிடந்தது.

“தட்டுல இல்லம்மா, பேருல.”

அந்தக் காலத்துக் கிரேக்கர்கள் வாத்துக்கு அத்திப்பழம் ஊட்டி அதன் ஈரலைக் கொழுக்க வைப்பார்களாம். ‘அத்தி ஊட்டிய ஈரல்’ என்று அதற்குப் பெயர். ரோமானியர்கள் வித்தையையும் பெயரையும் சேர்த்தே அள்ளிக்கொண்டு போனார்கள். அத்திக்கு லத்தீனில் ‘ஃபீகுஸ்’, ஆகவே அந்த ஈரல் ‘ஃபிகாத்தும்’. போகப்போக ஈரல் என்ற சொல் உதிர்ந்துவிட்டது, அத்தி மட்டும் ஒட்டிக்கொண்டது. இன்று இத்தாலியில் ஈரலைச் சொல்லும் ‘ஃபேகத்தோ’ அதுதான். அத்தியையே பார்க்காத கன்றுக்குட்டியின் ஈரலுக்கும் அதே பெயர்தான்.

அன்று முதல் ஈரலோடு அத்தியைச் சேர்த்துச் சமைக்க ஓர்சொலாவுக்குக் கை ஊறிக்கொண்டே இருந்தது. செப்டம்பரில் சந்தையில் அத்தி குவிந்ததும் துணிந்துவிட்டாள்.

தொனின் அடுப்படிக்குள் மூக்கை நீட்டினான். “வெங்காயம் எங்கடி?”

“லீவு விட்டிருக்கேண்ணே.”

“விளையாடாத. வெளிய கசிமிரோ உக்காந்திருக்கான்!”

படகு பழுது பார்க்கும் கசிமிரோ வியாழன் தவறாமல் ஈரல் தின்ன வருவான். வாயில் கவளத்தோடு அவன் சொல்லும் குறை கால்வாய்க்கு அக்கரையிலும் கேட்கும்.

“தட்டு திரும்பி வந்துச்சுன்னா நாளையிலேர்ந்து நீ பாத்திரம் கழுவு. உங்க அண்ணி சமைக்கட்டும்.”

“அண்ணி சமைச்சா, கசிமிரோ படகேறிக் கிரீஸுக்கே ஓடிருவான்,” என்றாள். அத்தி வைத்த தட்டை அண்ணனிடம் நீட்டினாள்.

“என்ன கண்றாவிடா இது?” என்று வெளியே கசிமிரோ கத்தினான். “ஈரலுக்கு நிச்சயதார்த்தமா? பழமெல்லாம் வெச்சிருக்கீங்க!”

ஓர்சொலா கதவிடுக்கிலிருந்து குரல் கொடுத்தாள். “பேருல இருக்கறதத்தான் தட்டுல வெச்சிருக்கேன். தின்னுட்டுத் திட்டுங்க!”

“வெங்காயமில்லாத ஈரல எங்கப்பன் பாத்திருந்தா கால்வாயில குதிச்சிருப்பான்,” என்று முனகிக்கொண்டே ஒரு துண்டை வாயில் போட்டான். அப்புறம் இன்னொன்று.

குறை வரவில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். கடைசித் துண்டு சோளக்களியால் தட்டைச் சுற்றி வழித்து, அதையும் விழுங்கினான். தொப்பியை எடுத்து மாட்டினான். அடுப்படிக் கதவைப் பார்த்து வாயைத் திறந்தான். கடையே முன்னால் சாய்ந்தது.

வாயை மூடிக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியேறினான்.