பெரியவரின் இடுப்பு

பெரியவர் செத்துப்போய் ஒன்பது நாள் கழித்து, ஒரு மத்தியானத்தில், அவருடைய இடுப்பு மறுபடி சத்தம் போட்டது.

பெரியவர் என்பது அந்த வீட்டு நாய். மண் நிறம், பெரிய தலை, அகலமான மார்பு. ஒரு வயதிலேயே உட்காருவதற்கு முன் யோசிப்பார், எழுவதற்கு முன் பெருமூச்சு விடுவார். அதனால் அந்தப் பெயர். எழும்போது பின்பக்க இடுப்பிலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். மேசை இழுப்பறையை முழுக்கத் தள்ளி மூடினால் கடைசியில் வருமே, அந்த அளவுதான். அது கேட்டால் பெரியவர் எழுந்துவிட்டார், போய்க் கதவைத் திற என்று அர்த்தம்.

அன்றைக்கு அண்ணி படுக்கையறையில் தனியாக உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில், பெரியவர் வழக்கமாகப் படுக்கிற ரப்பர் விரிப்பிலிருந்து, டொக். அண்ணி குனிந்து பார்த்தாள். விரிப்பு காலியாக இருந்தது. மடித்த துணியை அப்படியே போட்டுவிட்டு வாசலில் போய் நின்றவள், சாயங்காலம் வரை உள்ளே வரவில்லை.

அவளுடைய நாத்தனார், கணவனின் தங்கை, விலங்கு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவள். பெரியவரைக் குட்டியாக வாங்கி வந்தது அவள்தான். வேலை முடிந்து வந்ததும் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தாள்.

"பூனை எதையாவது உருட்டியிருக்கும் அண்ணி."

"பூனைச் சத்தத்துக்கும் அதோட சத்தத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

சிரித்த வாய் மூன்றாம் நாள் மூடிக்கொண்டது. எக்ஸ்ரேக்காரி சமையலறையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப்பக்கம் படுக்கையறை. டொக். பாத்திரம் நிரம்பி வழிந்து கால் நனைந்த பிறகுதான் குழாயை மூடினாள்.

அந்தச் சத்தம் அவளைப்போல யாருக்கும் தெரியாது. தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்புக் குழிக்குள் கச்சிதமாக உட்கார வேண்டும். குழி ஆழமில்லாமல் போனால் தலை வழுக்கும், உரசும், தேயும். வாரத்துக்கு நான்கைந்து குட்டிகளை மயக்கம் கொடுத்து அவள் மேசையில் மல்லாக்கப் பிடிப்பாள். டாக்டர் முழங்காலை அழுத்தி மெல்ல விரிப்பார். நழுவிய தலை குழிக்குத் திரும்பும்போது டொக். அதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கை அவளுடையது. ஆனால் வாத்தியார் பிள்ளை மக்கு என்பது சும்மா சொன்னதில்லை. சொந்தக் குட்டி பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல்போலக் குதித்து ஓடியபோது, அதுதான் முதல் அறிகுறி என்று தோன்றாமல், வீடியோ எடுத்து ஊருக்கெல்லாம் காட்டிச் சிரித்தாள். மேசைக்குக் கொண்டுபோனபோது பதினான்கு மாதம் ஆகிவிட்டது. டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு அவளை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகு அவள் செய்யாதது இல்லை. எடை ஏறாமல் சாப்பாட்டை அளந்து வைத்தாள். வழுக்கும் தரை முழுக்க ரப்பர் விரிப்பு போட்டாள். படி ஏற விடவில்லை, குதிக்க விடவில்லை. காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று கயிறு பிடித்து நடத்தினாள். வலி மாத்திரையை நேரம் தவறாமல் கொடுத்தாள். கடைசி வருஷம் வயிற்றுக்கு அடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கி நடக்க வைத்தாள். ஒன்பது வயதில், துண்டோடும் எழ முடியாமல் போனபோது, வலியில்லாமல் போய்ச்சேர ஊசி போட்டார்கள், அப்போது அவர் காலை அவளே பிடித்துக்கொண்டாள். கடைசிவரை அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதனால் சமையலறையில் நனைந்த காலோடு நின்றபோது, பெரியவர் நியாயம் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தாள். ஏன் சீக்கிரம் பார்க்கவில்லை என்று கேட்பார்.

அடுத்த வாரம் அண்ணனுக்கும் கேட்டது. அரை முகத்தில் சவர நுரையோடு கூடத்தில் வந்து நின்றான். பேயாவது பிசாசாவது என்று பேசுகிற மனுஷன், நுரை காய்ந்தும் கழுவிக்கொள்ளப் போகவில்லை. அண்ணி முடிவு செய்துவிட்டாள்.

"செத்தது வீட்டுக்குள்ள நடமாடுது. பாப்பாவ வச்சுக்கிட்டு இனி நான் இங்க இருக்க மாட்டேன். சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போறேன்."

"எப்ப திரும்பி வருவீங்க அண்ணி?"

"வேற வீடு பாத்தப்புறம். நீ வேணும்னா உன் நாயோட இங்கயே இரு."

பாப்பாவுக்கு இரண்டரை மாதம். பிட்டம் முன்னால் வந்ததால் வயிற்றை அறுத்து எடுத்த பெண் குழந்தை. அத்தையின் குரல் கேட்டால் தலையைத் திருப்பும். பெரியவரும் போய், பாப்பாவும் போனால், அந்த வீட்டில் எக்ஸ்ரேக்காரிக்கு என்ன மிச்சம்?

சனிக்கிழமை காலை. அண்ணி பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே, "கொஞ்சம் பாப்பாவுக்குத் துணி மாத்து" என்றாள். போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து நாத்தனாரிடம் அவள் பேசிய முதல் வாக்கியம் அதுதான். கால் நேராக வளரவேண்டும் என்று பாப்பாவின் இரண்டு காலையும் நீட்டிச் சேர்த்து இறுக்கிச் சுற்றுவது அண்ணியின் வழக்கம். எக்ஸ்ரேக்காரி சுற்றைப் பிரித்தாள். முழங்கால்களை மடக்கிப் பிடித்தாள். பழக்கதோஷம், கட்டைவிரல்கள் தாமாகத் தொடையின் உள்பக்கம் போய் நின்றன. மெல்ல விரித்தாள். வலது கால் கட்டிலைத் தொட்டது. இடது கால் பாதியில் நின்றது. பிறகு, உள்ளே ஏதோ நகர்ந்து, டொக்.

காதில் கேட்டதா, கையில் தெரிந்ததா என்று பின்னால் அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அண்ணி திரும்பிப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது. "பாத்தியா? மறுபடி." அவள் பார்வை கட்டிலுக்குப் பக்கத்து விரிப்பில் இருந்தது.

"அங்க இல்ல அண்ணி. பாப்பா இடுப்புல."

சொல்லி முடிக்குமுன்பே அண்ணி குழந்தையை வாரி எடுத்துவிட்டாள்.

"உன் நாயோட வியாதி என் பிள்ளைக்கு வந்துருச்சுங்கிறியா?"

"தொத்துற வியாதி இல்ல அண்ணி இது. பிட்டம் முன்னால வர்ற குழந்தைங்களுக்கு வரலாம். குழி ஆழமில்லாம இருக்கு."

"நாய் இடுப்பத் தொடுற கையால பிள்ளைக்கு வைத்தியம் பாக்காதே."

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. இன்னொரு நாளாக இருந்தால் அவள் எழுந்து போயிருப்பாள். அன்றைக்குப் போகவில்லை. கதவை மறித்து நின்றுகொண்டாள்.

"ஒரு தடவ பாக்காம விட்டேன், சாகிற வரைக்கும் அவர் வலியோட கிடந்தார். இன்னொரு தடவ விட மாட்டேன். எங்க வேணா போங்க. போற வழியில எலும்பு டாக்டர்கிட்ட காட்டிட்டுப் போங்க. இல்லன்னு அவங்க சொன்னா, இனி பாப்பாவ நான் தொடவே மாட்டேன்."

அண்ணன் பெட்டியைத் தூக்கினான், வைத்தான், மறுபடி தூக்கினான். கடைசியில் பெட்டியோடேயே மருத்துவமனைக்குப் போனார்கள்.

டாக்டரம்மா பாப்பாவின் காலை விரித்துப் பார்த்தார். ஸ்கேன் எடுத்தார். இடது குழி ஆழமில்லை. தலை வெளியே நழுவி நழுவி உள்ளே வருகிறது. தோளில் மாட்டி இரண்டு காலையும் தவளைபோல மடக்கி விரித்து வைக்கும் பட்டை ஒன்றைக் கட்டினார். மூன்று மாதம் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும், இனிமேல் காலை நீட்டிச் சுற்றக் கூடாது என்றார்.

"நடக்க ஆரம்பிச்சப்புறம் நொண்டுறதப் பாத்துக் கூட்டிட்டு வந்திருந்தா ஆபரேஷன்தான். யார் கண்டுபிடிச்சீங்க?"

"வீட்ல சத்தம் கேட்டுச்சு டாக்டர்" என்றான் அண்ணன். "சுவருக்கு அந்தப்பக்கம்கூடக் கேக்கும்."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். "சத்தமா? இது கையிலதான் தெரியும். இத்தனை வருஷத்துல என் காதுல விழுந்ததே இல்ல."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அக்கா வீட்டுக்குப் போகாமல் வண்டி வீட்டுக்குத் திரும்பியது. பட்டையோடு பாப்பாவைக் கட்டிலில் கிடத்திவிட்டு அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்று காலை சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள் போலிருக்கிறது. வந்தது வேறு.

"முதல் தடவ கேட்டேன் பாரு, துணி மடிக்கிறப்ப. எனக்குக் காய்ச்சல். பாப்பாவுக்குத் தடுப்பூசி போட உங்கண்ணன்தான் தூக்கிட்டுப் போயிருந்தார். வீட்ல பாப்பா இல்ல."

எக்ஸ்ரேக்காரி காலி விரிப்பைத் திரும்பிப் பார்த்தாள். சமையலறையில் அந்தச் சத்தம் கேட்ட நாளிலிருந்து நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது. அவர் நியாயம் கேட்க வரவில்லை, பாப்பாவுக்காக வந்திருக்கிறார். அழுகையை மறைக்க எதையாவது செய்ய வேண்டியிருந்தது. குனிந்து கட்டிலுக்குப் பக்கத்து ரப்பர் விரிப்பின் ஓரத்தைப் பிடித்துச் சுருட்ட ஆரம்பித்தாள். வழுக்காத தரை இனி யாருக்கு வேண்டும்?

அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுக்காதே. எழுந்திருக்கறப்ப அவருக்கு வழுக்கும்."