மூலையில் ஒரு நம்பர்

“எழுத்தே வேணாம்ண்ணே. முழுக்கக் கறுப்பு. அவ்வளவுதான்” என்றாள் தங்கை.

பேனர் கடைக்காரன் மவுஸிலிருந்து கையை எடுத்தான். “காசு குடுத்து இருட்டை வாங்க வந்த முதல் ஆளு நீதான்டி.”

“காசு யாரு குடுக்கறா?”

அவள் நர்ஸ். பழுதான லிஃப்டில் ஏறிய தோழி பிணமாக இறங்கிய நாளிலிருந்து, ஆஸ்பத்திரி வாசலில் நின்று நியாயம் கேட்டே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். குறுக்கே புதுச் சட்டம். கோஷம் எதுவானாலும் போலீஸ் ஒப்புதல் வேண்டும். இல்லாவிட்டால் எழுதியவர், பிடித்தவர், அச்சடித்தவர் எல்லோரும் உள்ளே. நர்ஸுகள் ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தும் ஒப்புதல் வரவில்லை.

“எழுத்து இருந்தாத்தானே ஒப்புதல்? இதுல எதைப் படிச்சு கேஸ் போடுவாங்க?”

“மாட்டிக்கிட்டா?”

“உன் பேரைச் சொல்ல மாட்டேன், போதுமா?”

“என் பேரைச் சொல்லித் தொலை. உன் பேர் வெளிய வரக்கூடாது. வேலையும் போயிடும், ஜெயிலும் கிடைக்கும்.”

பழைய மருந்துக்கடை விளம்பரம் ஒன்றைத் திறந்தான். படத்தை அழித்தான், எழுத்தை அழித்தான், கறுப்பை ஊற்றினான். அச்சானதும் விரித்து ஒரு பார்வை பார்ப்பது வழக்கம். அன்று யாராவது கடைக்குள் வந்துவிடுவார்களோ என்ற பயத்தில், மை வாசனை போவதற்குள் சுருட்டி அவள் கையில் திணித்தான்.

மறுநாள் மதியம் போன் அடித்தது.

“பேனர் கடையா? அவசரமா ஒண்ணு வேணும்.”

“சொல்லுங்க சார். என்ன டிசைன்?”

“முழுக்கக் கறுப்பு.”

அவன் எழுந்து கடைக் கதவைச் சாத்தினான். “எழுத்து..?”

“வேணாம். மூலையில உங்க கடைப் பேரும் நம்பரும் மட்டும், வெள்ளையில. இப்ப என் முன்னாடி ஒண்ணு கிடக்கு பாருங்க, அதே மாதிரி. இன்ஸ்பெக்டர் பேசறேன்.”

எந்த டிசைனிலும் அழியக்கூடாது என்று அவனே கம்ப்யூட்டரில் பூட்டி வைத்திருந்த வரி! போராட்டத்தில் இருந்த ஒரே எழுத்து அதுதான்.

“சார், எல்லாம் என் வேலை சார். நானே அடிச்சேன், நானே குடுத்தேன். என்னைப் பிடிச்சுக்கங்க. என் தங்கச்சிக்கு இதுல ஒண்ணுமே தெரியாது சார்!”



“தங்கச்சியா?” குரல் குழைந்தது. “காலையிலேர்ந்து கேக்கறேன். யாரு ஏற்பாடுன்னு இந்த நர்ஸுங்கள்ல ஒருத்தி வாயைத் திறக்கலை. ரொம்ப நன்றிங்க.”

“சார்... சார்...”

இன்ஸ்பெக்டர் போனை வைக்கவில்லை. அவர் திரும்பி அதட்டுவது மட்டும் கேட்டது.

“பேனர்காரன் தங்கச்சி யாரும்மா? எந்திரி.”

பெஞ்ச் நகரும் சத்தம் கேட்டது.