இன்னும் இரண்டு மாடி

எங்கள் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பொறியியல் என்றால் என்ன, படித்து முடித்தால் என்ன வேலை என்று பேச ஒவ்வொரு அக்டோபரிலும் என்னைத்தான் பிடிப்பார்கள். ஓய்வு பெறப் போகிற கிழட்டுப் பேராசிரியைக்கு வேறென்ன வேலை என்று நினைப்பு. காட்ட வேண்டிய படங்களை அலுவலகத்திலேயே தயாரித்துக் கொடுத்துவிடுவார்கள். எந்தத் துறை, எந்தக் கம்பெனி, துபாயில் என்ன சம்பளம், எல்லாம் இருக்கும். பிள்ளைகள் சம்பளப் படத்துக்கு மட்டும் நிமிர்ந்து உட்காருவார்கள். குறை சொல்ல எனக்கு வாயில்லை. எங்கள் காலத்தில் சவூதி என்ற சொல் காதில் விழுந்தபோதுதான் நாங்களும் நிமிர்ந்தோம்.

இந்த வருஷம் புரொஜெக்டர் மக்கர் பண்ணியது. நல்லதாகப் போயிற்று என்று, எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நடந்ததைச் சொன்னேன்.

அப்போதெல்லாம் அலெக்சாந்திரியா டிராமில், வரைபடத்துக்குக் கோடு போடுகிற டி-ஸ்கொயர் சட்டத்தோடு ஏறினால் ராஜமரியாதை. பைக்குள் அடங்குகிற அளவாக இருந்தாலும் அடக்க மாட்டோம், தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். சட்டம் படிக்கிற பையன்கள் எழுந்து இடம் கொடுப்பார்கள். கடற்கரைச் சாலையில் காற்று டிராயிங் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடும், பத்துப் பேர் சேர்ந்து துரத்துவோம். மசித்த அவரை வைத்த ரொட்டியைத் தின்ற கையோடு கோடு போட்டு, எண்ணெய்க் கறைக்கு மார்க் குறைந்தவள் நான். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனசு லேசாகிவிடுகிறது.

எங்கள் ஊரில் இன்ஜினியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். 'பாஷ்முஹந்திஸ்' என்பார்கள், தலைமைப் பொறியாளர் என்று அர்த்தம். பெண் என்றால் பாஷ்முஹந்திஸா. இதற்குப் பட்டமெல்லாம் வேண்டாம், சேர்ந்த அன்றைக்கே கொடுத்துவிடுவார்கள். முதல் வருஷத்தில் எல்லாருக்கும் ஒரே பாடம், எந்தத் துறை என்றுகூடத் தெரியாது. அதனால் என்ன? என் வீட்டு வாசலில் ரேடியோ வந்தது, இஸ்திரிப் பெட்டி வந்தது, கீழ்வீட்டு தௌலத் அம்மாவின் தையல் மிஷின் வந்தது. ஒன்றையும் நான் சரி செய்யவில்லை. கெட்ட பேரும் வரவில்லை, "பாவம், படிப்பு ஜாஸ்தி" என்று அவர்களே சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். டிராம் ஓட்டுநரான என் அப்பா வேலை முடிந்து வரும்போது தெருவிலிருந்தே, "பாஷ்முஹந்திஸா, தேநீர் போட்டாச்சா?" என்று மூன்றாம் மாடிக்குக் கத்துவார். வீட்டிலிருக்கும் எனக்குக் கேட்பதற்காக அல்ல, தெருவுக்குக் கேட்பதற்காக.

என் அண்ணன் ஷௌகிக்கும் ஹனாவுக்கும் அப்போது நிச்சயமாகி இரண்டு வருஷம். வீடு இல்லாமல் கல்யாணம் இல்லை, அது எங்கள் ஊர் வழக்கம். வாடகைக்கு வீடு பிடிக்க வேண்டுமானால் முன்பணத்திலேயே முதுகு ஒடிந்துவிடும். ஹனாவின் அம்மா பெருநாளுக்குப் பெருநாள் வந்து, சுற்றி வளைத்து, வீடு பார்த்தாயிற்றா என்று கேட்டுப் போவாள். ஹனா மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்கு ஒரு பச்சைக் கம்பளிச் சட்டை பின்னிக் கொடுத்திருந்தாள், டிராயிங் ஹாலில் குளிரும் என்று.

அந்த நேரத்தில்தான் வீட்டுக்காரர் ஹாஜி மித்வல்லி மேலே இன்னும் இரண்டு மாடி எழுப்ப நினைத்தார். அந்தக் குளிர்காலத்தில் பக்கத்துப் பேட்டையில் ஒரு கட்டடம் இடிந்து விழுந்திருந்ததால் குடியிருப்பவர்களுக்குக் கிலி. புகார் கொடுப்போம் என்று தௌலத் அம்மா கிளம்பினாள். ஹாஜி நேரே என் அப்பாவிடம் வந்தார். உங்கள் பெண் எல்லாருக்கும் முன்னால் தாங்கும் என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், மேலே வருகிற முதல் வீடு முன்பணமில்லாமல் ஷௌகிக்கு என்றார். அப்பா என்னிடம் வந்து சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கல்யாணமே முடிந்துவிட்ட மாதிரி இருந்தார்.

நான் டி-ஸ்கொயரை எடுத்துக்கொண்டு கீழே போனேன். வாசல் தூணில் அதை வைத்துப் பார்த்தேன், பிறகு திருப்பி வைத்துப் பார்த்தேன். டி-ஸ்கொயரால் தூணில் அளப்பதற்கு எதுவுமே கிடையாது. ஆனால் படிக்கட்டில் நின்ற பெண்கள் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மரியாதைதான் என்னைப் பயமுறுத்தியது. நான் என்ன சொன்னாலும் இவர்கள் நம்பிவிடுவார்கள் என்று அப்போது புரிந்தது.

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பின், மொட்டை மாடியில் புறாக்கூண்டுக்குப் பக்கத்தில் எல்லாரும் கூடினார்கள். ஹாஜி செலவில் தேநீர். அண்ணன் சுவரில் சாய்ந்து என்னைப் பார்க்காமல் நின்றான்.

"நம்ம கட்டடத்துக்குன்னே ஒரு இன்ஜினியர் இருக்கா, வெளியாள் எதுக்கு?" என்றார் ஹாஜி. "நீயே சொல்லும்மா. தாங்குமா, தாங்காதா?"

"தெரியாது ஹாஜி."

"தெரியாதுன்னா? அப்ப காலேஜுக்குப் போயி என்னத்தப் படிக்கிறே?"

"இதைச் சொல்ற அளவுக்குப் படிக்கலை. தூணுக்குள்ள என்ன கம்பி இருக்கு, கீழ மண்ணு எப்படின்னு பார்க்கணும். பார்க்கத் தெரிஞ்சவங்க வரணும்."

யாரோ சிரித்தார்கள். தௌலத் அம்மா சிரிக்கவில்லை. தெரிந்தவர்களைக் கூட்டி வாருங்கள், அதுவரை ஒரு செங்கல் மேலே ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடிக்காமல் எழுந்து போனாள். ஹாஜி யாரையும் கூட்டி வரவில்லை. வருகிறவர், அனுமதி வாங்காமல் கட்டியிருந்த ஐந்தாம் மாடியைப் பற்றியும் கேட்பாரே. பேச்சு அதோடு முடிந்தது.

படியிறங்கும்போது அப்பா என்னைத் திட்டவில்லை. "ஒரே ஒரு வார்த்தைதானே கேட்டோம்" என்றார். அந்தக் கோடை முழுக்க என்னை இனாஸ் என்று பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். ஹனாவின் அம்மா நிச்சயத்துக்கு நாங்கள் போட்ட நகைகளைத் திருப்பிக் கொடுத்தாள். ஹனாவை டமான்ஹூரில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அண்ணன் இராக்குக்கு வேலைக்குப் போனான். பஸ் நிலையத்தில் எனக்குக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தான், மாடி விஷயத்தைப் பேசவே இல்லை. அவன் திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இங்கே நிறுத்தினேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் கை தூக்கினான். "கடைசியில அது தாங்கியிருக்குமா, தாங்கியிருக்காதா டாக்டர்?"

கேட்காமலிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். போன வருஷம் ஹாஜியின் மகன் கட்டடத்தைப் பழுது பார்க்க என்னைத்தான் கூப்பிட்டான். தூணைக் கொத்திப் பார்த்தோம், அடிமண்ணைத் துளைத்து எடுத்தோம். கம்பியில் யாரும் கஞ்சத்தனம் பண்ணியிருக்கவில்லை. கணக்குப் போட்டேன், நம்பாமல் மறுபடியும் போட்டேன். தாங்கியிருக்கும். இன்னும் இரண்டு மாடியைத் தாராளமாகத் தாங்கியிருக்கும்.

இன்றைக்குக் கேட்டாலும், அன்றைக்கு இருந்த அறிவோடு அதே பதிலைத்தான் சொல்வேன், இந்தப் படிப்பில் நீங்கள் முதலில் பழக வேண்டியது அதுதான் என்றேன். துறை, சம்பளம் பற்றிய கேள்விகளை அலுவலகத்தில் கேளுங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

பிள்ளைகளிடம் சொல்லாதது ஒன்று உண்டு. கணக்கு வந்த அந்த வாரமே நான் டான்டாவுக்கு ரயிலேறினேன். அப்பா காலமாகிவிட்டார், சொல்ல வேண்டிய ஆள் இனி அண்ணன்தான். இராக்கிலிருந்து திரும்பி வந்து அங்கே மின்சாமான் கடை வைத்திருக்கிறான். மனைவி, மூன்று பிள்ளைகள், சர்க்கரை வியாதி எல்லாம் உண்டு. கல்லாவுக்குப் பக்கத்தில் எனக்கு நாற்காலி போட்டு, இனிப்பில்லாத தேநீர் வரவழைத்தான். நான் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்.

"அதை எதுக்கு இப்ப வந்து சொல்றே?"

"கணக்குல வந்துடுச்சுண்ணே. உன்கிட்ட சொல்லாம எப்படி இருக்கறது."

ஒரு வாடிக்கையாளர் வந்தார். அண்ணன் பல்பைப் போட்டுக் காட்டி, காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, சில்லறையும் கொடுத்து அனுப்பினான். பிறகுதான் என் பக்கம் திரும்பினான்.

"நீ அன்னிக்குத் தாங்கும்னு சொல்லியிருந்தா நான் குடி போயிருப்பேன். பிள்ளைங்களை அங்கதான் படுக்க வெச்சிருப்பேன், ஒண்ணும் தெரியாத ஒரு சின்னப் பொண்ணு சொன்ன வார்த்தையை நம்பி. நீ செஞ்சது சரிதான். அப்பாகிட்டயும் அப்பவே சொன்னேன்."

இத்தனை வருஷம் அது எனக்குத் தெரியாது.

அவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான். துடைத்து முடித்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

"ஆனா ஹனா ரொம்ப நல்ல பொண்ணு, இனாஸ்" என்றான்.

"ஆமாண்ணே" என்றேன்.