பிசியோ அக்காவுக்குப் பார்க் சுற்றிக் காட்டிய நாள்

எங்கள் பார்க்குக்கு வருகிறவர்கள் உள்ளே நுழைந்ததும் வலது பக்கம்தான் திரும்புவார்கள். அந்தப் பக்கம் மரங்களுக்கு மேலே ஒரு ராட்சத ரோபோவின் தலை தெரியும். அதன் வாய்க்குள் புகுந்து காது வழியாக வெளியே வருகிற ரோலர் கோஸ்டர் அங்கேதான் இருக்கிறது. அதனால் என்னிடம் யார் யோசனை கேட்டாலும் நான் முதலில் சொல்வது, இடது பக்கம் போங்க என்பதுதான்.

யோசனை கேட்காத ஆளே கிடையாது. சினிமா பார்க்கில் எனக்கு வேலை என்று தெரிந்தால் போதும். பல் டாக்டர்கூட என் வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே கண்ணாடியை விட்டபிறகுதான், "எந்த ஷோவுக்கு எங்க உக்காந்தா நல்லா தெரியும்?" என்று கேட்டார். எல்லோருக்கும் அலுக்காமல் சொல்வேன். ஆனால் பிசியோ அக்கா போன் செய்து, "நாங்க உங்க பார்க்குக்கு வர்றோம், எப்படிப் பாக்கணும்னு சொல்லு" என்று கேட்டபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவர் யார் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பார்க்கில் ஹோட்டல் தீப்பிடித்து எரிகிற மாதிரி ஒரு சண்டை ஷோ உண்டு. அதில் மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து குதிக்கிறவளாக நான் இருந்தேன். கீழே காய்கறி வண்டிக்குப் பின்னால், ஜனங்கள் கண்ணில் படாமல், காற்றடைத்த பெரிய மெத்தை இருக்கும். போன வருஷம் ஒரு நாள், குதிக்க வேண்டிய நேரத்துக்கு முன்பே ஜன்னல் விளிம்பில் கால் வழுக்கிவிட்டது. பாதி உடம்பு மெத்தையில், பாதி உடம்பு தரையில். இடுப்பும் தொடையும் உடைந்தன. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. புகையின் பிசுக்கும், அன்றைக்கு அடித்த காற்றும், என் அவசரமும் ஒன்றாகக் கூடிவிட்டன.

டாக்டர்கள் பிளேட் வைத்து எலும்பைச் சேர்த்தார்கள். நடக்க வைத்தது ஆஸ்பத்திரியின் பிசியோதெரபிஸ்ட். எனக்கு அக்கா வயது, அதனால் பிசியோ அக்கா. கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாலே எனக்கு அறை சுற்றும். "நடிக்காதே, அதுக்கு வேற இடத்துல சம்பளம் வாங்குறல்ல?" என்று அதட்டுவார். அதட்டிக்கொண்டே அவர் பிடித்த பிடியில் என் மணிக்கட்டு சிவந்து போயிருக்கும். நான் அழுதிருக்கிறேன், கெட்ட வார்த்தைகூடச் சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, மறுநாள் காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து நிற்பார். ஒரு தடவைகூட என்னை விழ விட்டதில்லை. நான் வீட்டுக்குக் கிளம்பிய அன்று, பக்கத்து வார்டில் வேறு யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். கதவு வழியாகக் கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். அவ்வளவுதான். அப்புறம் போனில் நன்றி சொல்லலாம் என்றால், அந்த வார்த்தை சின்னதாகத் தோன்றியது.

அப்படிப்பட்டவர் யோசனை கேட்டால் விடுவேனா? ஒரே மூச்சில் கொட்டினேன்.

"ஞாயித்துக்கிழமை வேண்டவே வேண்டாம்க்கா. புதன்கிழமை வாங்க. கேட் திறக்கறதுக்கு முன்னாடியே வந்துடுங்க. எல்லாரும் ரோபோவைப் பாத்து ஓடுவாங்க, நீங்க இடது பக்கம் வந்துடுங்க. சாயங்காலம் ரோபோகிட்ட ஈ காக்கா இருக்காது, அப்ப ஏறிக்கலாம். ரைடெல்லாம் சாப்பாட்டுக்கு முன்னாடி, ஷோவெல்லாம் சாப்பாட்டுக்கு அப்புறம். புதுச் செருப்பு போட்டுட்டு வராதீங்க. கப்பல் சண்டையில முன் வரிசையில உக்காந்தா தொப்பலா நனைஞ்சிடுவீங்க..."

"மெதுவா சொல்லும்மா, நான் என்ன பரீட்சைக்கா படிக்கிறேன்?"

"எங்க ஷோவுக்கு மட்டும் இடது ஓரமா உக்காருங்க. புகை வலது பக்கம்தான் அடிக்கும்."

"அதுலதானே நீ குதிப்ப?"

"நான் இப்ப கீழதான்க்கா. காய்கறி விக்கிற பொம்பளையா வர்றேன். தீப்பிடிச்சதும் கத்திக்கிட்டே ஓடணும்."

"நீ குதிக்கலாம்னு நாங்க சொல்லி எவ்வளவு நாளாச்சு?"

"ஆச்சுக்கா."

"சரி. புதன்கிழமை பாக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

புதன்கிழமை காலை ஷோவில் எனக்குப் பதிலாகக் கத்துவதற்கு ஒரு தோழியை ஏற்பாடு செய்துவிட்டு, கேட்டில் போய் நின்றேன். அக்கா, அவர் கணவர், காலேஜில் சேரப் போகிற மகள், மூன்று பேரும் வந்தார்கள். அக்காவின் கணவர் பஸ் டிரைவர். நான் "வாங்கண்ணா" என்றதும் அவர் சிரித்தார்.

"என்னை அண்ணான்னா இவ உனக்கு அண்ணி. இவளை அக்கான்னா நான் மாமா. ஏதாவது ஒண்ணை முடிவு பண்ணிக்கோ, நடுவுல எங்களைப் பிரிச்சிடாதே."

மாமா என்றே முடிவானது.

இடது பக்கம் கூட்டிப் போனேன். காலியான தெரு, பெட்டிக்கடை, போலீஸ் ஸ்டேஷன், கோர்ட்டு, எல்லாம் செட். மகள் ஒவ்வொரு சுவரையும் தட்டிப் பார்த்து, "இதுவும் தெர்மாகோல்" என்று அறிவித்துக்கொண்டே வந்தாள். சுரங்க வண்டி ரைடில் வரிசையே இல்லை. மாமா ஏறி உட்கார்ந்ததும் கை தானாக ஸ்டியரிங்கைத் தேடியது. "ஓட்டறவன் யாரு? ஆளே இல்லையே!" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் வண்டி இருட்டுக்குள் பாய்ந்துவிட்டது. வெளியே வரும்போது அவர் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தபடியே இருந்தது. மகளுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது.

அக்கா ஏறவில்லை. "பையை நான் பாத்துக்கறேன்" என்றார். அடுத்த ரைடிலும் அதே பதில்தான். அதற்கடுத்ததற்கு நடக்கும்போதுதான் கவனித்தேன். அக்கா ஒரு பக்கம் சாய்ந்து, இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு நடந்தார். அப்படி நடக்கக் கூடாது என்று எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார்!

"முதுகு வலியாக்கா?"

"உன்னை மாதிரி ஆளுங்களைத் தூக்கித் தூக்கித்தான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆஸ்பத்திரியில் என் முழுப் பாரத்தையும் அவர் தோளில் போட்டுத் தொங்கிய நாட்கள் நினைவுக்கு வந்தன. நான் அப்போது என் வலியை மட்டும்தான் பார்த்தேன்.

ராத்திரியெல்லாம் யோசித்து வைத்த திட்டத்தை அங்கேயே கைவிட்டேன். மாமாவுக்கும் மகளுக்கும் அடுத்தடுத்து எங்கே போக வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டு, அக்காவை ரயில்வே ஸ்டேஷன் செட்டுக்குக் கூட்டிப் போனேன். அங்கே ஒரு ரயில் நிற்கும், விசில் ஊதும், புகை விடும், கிளம்பவே கிளம்பாது. அதனால் ஜனங்கள் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எங்களை மாதிரி வேலை செய்கிறவர்களுக்குத்தான் தெரியும், பார்க்கிலேயே நல்ல நிழலும், காற்றும், சாய்ந்து உட்காரும் பெஞ்சும் அங்கேதான் என்று.

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினார். இரண்டு ஐஸ்கிரீம் வாங்கி வந்தேன். போகிறவர்கள் வருகிறவர்களின் முகத்தை அவர் பார்க்கவில்லை, முட்டியைத்தான் பார்த்தார். "அந்தச் சிவப்புச் சட்டைக்காரர் இப்பவே ஒழுங்கா எக்சர்சைஸ் பண்ணலைன்னா கஷ்டம்" என்றார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார். ரயில் இரண்டு முறை விசில் ஊதியும் திறக்கவில்லை. தூங்குகிறார் என்று நினைத்தேன்.

"பகல்ல இப்படிச் சும்மா உக்காந்து எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா?" என்றார் கண்ணைத் திறக்காமலேயே. பிறகு, "நீ விழுந்த இடத்தைக் காட்டு" என்றார்.

காலை ஷோ முடிந்து கேலரி காலியாக இருந்தது. எங்கள் ஸ்டண்ட் மாஸ்டர் மேடையில் வயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். சத்தமாகப் பேசியே நான் பார்க்காத மனிதர். விஷயத்தைச் சொன்னதும் அக்காவுக்கு ஒரு ஹெல்மெட்டை மாட்டிவிட்டு, "பாத்துப் போங்க" என்றார். செட்டுக்குப் பின்னால் இரும்புப் படிக்கட்டு. முதுகு வலியோடு ஏற வேண்டாம் என்றேன். "எனக்கே படியேறச் சொல்லிக் குடுக்கிறியா?" என்று கைப்பிடியைப் பிடித்து ஏற ஆரம்பித்துவிட்டார்.

மூன்றாவது மாடி ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்தோம். கீழே மெத்தை ஒரு தலையணை அளவுதான் தெரியும். அக்கா ஜன்னல் கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"அடிப்பாவி! இங்க இருந்தா?"

"ஆமாக்கா."

"உன் ஸ்கேனை, எக்ஸ்ரேயை எல்லாம் பாத்தேன். ஏதோ மேடையில இருந்து விழுந்திருக்கன்னு நினைச்சேன். அன்னைக்கு ஆஸ்பத்திரி மாடிப்படியில ஏற மாட்டேன்னு உக்காந்து அழுதியே, இவ்வளவு சின்னப் படிக்கு என்ன பயம்னு கத்தினேன்."

"நீங்க கத்தினதாலதான் ஏறினேன்."

அக்கா என் பக்கம் திரும்பினார். "இங்க பாரு. நான் வந்து பாக்கிறேங்கறதுக்காக நீ குதிக்க வேண்டாம். குதிச்சாத்தான் நான் செஞ்ச வேலை வீணாகலைன்னு அர்த்தம் இல்ல. காலையில இருந்து எங்க பின்னாடியும் முன்னாடியும் ஓடின பாரு, அதைப் பாத்துக்கிட்டேதான் வந்தேன். எனக்கு அதுவே போதும்."

இத்தனை மாதங்களாக என்னை யாரும் குதி என்று சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்று ஒரு பாரம் என் நெஞ்சில் இருந்தது. அக்கா அப்படிச் சொன்னதும் அது இறங்கின மாதிரி இருந்தது. இறங்கினபிறகு பார்த்தால், அடியில் பயம் இருந்தது. கூடவே ஆசையும் இருந்தது.

கீழே வந்து, ஒரு தடவை குதித்துப் பார்க்கட்டுமா என்று மாஸ்டரிடம் கேட்டேன். அவர் கையில் இருந்த வயரைக் கீழே வைத்தார்.

"ஷோவுல இன்னைக்குக் கிடையாது. அடுத்த ஷோவுக்கு இன்னும் நேரம் இருக்கு. முதல் மாடியில இருந்து ஒண்ணு போடலாம். முதல்ல உடம்பைச் சூடு பண்ணிக்கோ."

மாமாவும் மகளும் எங்களைத் தேடிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். அவ்வளவு பெரிய கேலரியில் அவர்கள் மூன்று பேர் மட்டும், நான் சொன்ன மாதிரியே இடது ஓரமாக உட்கார்ந்தார்கள். புகையே இல்லாத நேரத்தில் எங்கே உட்கார்ந்தால் என்ன!

முதல் மாடி ஜன்னலில் ஏறி நின்றபோது பாதத்துக்கு அடியில் ஏதோ சொரசொரவென்று இருந்தது. குனிந்து பார்த்தேன். விளிம்பு முழுக்க வழுக்காத பட்டை ஒட்டியிருந்தது. நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே எல்லா ஜன்னலுக்கும் மாஸ்டர் தன் கையாலேயே ஒட்டியிருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மெத்தையின் நாலு பக்கமும் நடந்து, காற்று சரியாக இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

தொடையில் பிளேட் இருக்கிற இடம் குளிர்ந்தது. மூச்சை விட்டேன், முதுகைத் திருப்பினேன், குதித்தேன்.

விழுகிற நேரம் கண் சிமிட்டுகிற நேரம்தான். ஆனால் அதற்குள் ஒரு அமைதி இருக்கிறது. முன்பு குதித்த நாட்களில் இருந்த மாதிரியே அது அங்கேயே இருந்தது. மெத்தை என்னை வாங்கிக்கொண்டு, மெதுவாகப் பெருமூச்சு விட்டது. மேலே வெறும் வானம். மாமா ஒற்றை ஆளாகக் கைதட்டுகிற சத்தம் கேலரி முழுக்க எதிரொலித்தது. மகள் விசிலடித்தாள்.

நான் எழுவதற்குள் அக்கா வந்துவிட்டார். முதுகு வலியை மறந்து மெத்தை மேலேயே ஏறி, தள்ளாடி, என் பக்கத்தில் மண்டியிட்டு, இடுப்பையும் தொடையையும் அழுத்திப் பார்த்தார்.

"இங்க வலிக்குதா?"

"இல்லக்கா."

"இங்க? பொய் சொல்லாதே."

"இல்லக்கா." அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, ரொம்ப நன்றிக்கா. அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "சரி சரி, முதல்ல என்னை இதுல இருந்து எழுப்பு, கால் புதையுது" என்றார். மாஸ்டரும் நானும் ஆளுக்கொரு கை கொடுத்துத் தூக்கினோம். அக்காவைத் தாங்கிப் பிடித்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

இப்போது நான் இரண்டாவது மாடி ஜன்னலுக்கு வந்திருக்கிறேன், பயிற்சியில் மட்டும். மூன்றாவதுக்கு மாஸ்டர் அவசரப்படவில்லை, நானும் அவசரப்படவில்லை. ஷோவில் இன்னும் காய்கறிதான் விற்கிறேன், நன்றாகவே கத்துகிறேன். அக்கா தன் முதுகுக்கு வைத்தியம் பார்த்துக்கொள்ள லீவு போட்டிருக்கிறார் என்று மாமா போனில் சொன்னார். கேட்டதும் மனசு நிறைந்தது. என்னிடம் யாராவது பார்க்குக்கு யோசனை கேட்டால், இடது பக்கம் போங்க என்பதோடு இப்போது இன்னொன்றும் சொல்கிறேன். உங்கள் கூட வருகிறவர் ரைடில் ஏறாமல் பையைப் பார்த்துக்கொள்கிறேன் என்றால், ஏன் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அப்புறம் ரயில்வே ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போங்கள். அங்கே எப்போதும் இடம் இருக்கும்.