சாப்பாட்டுத் தட்டில் ஓர் அடி

கிள்ளைக்குப் பக்கத்து ஊரின் அந்த அரசுத் தொடக்கப்பள்ளியில் பாட்டுக்கென்று ஆர்மோனியமும் கிடையாது, தனி ஆசிரியரும் கிடையாது. மூன்றாம் வகுப்பு ஜான்சி டீச்சர் செய்ததெல்லாம் ஒன்றுதான். சத்துணவு முடிந்து தட்டைக் கழுவி வரும் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைப்பாள். தட்டில் ஆளுக்கொரு தாள அடி தட்ட வேண்டும், மற்றவர்கள் பார்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். தப்பினால் சிரிக்கலாம், திட்டக் கூடாது. அந்தத் தாளத்திலேயே வாய்ப்பாடும் ஏறிப்போனது.

ஒருநாள் அவளுக்கே கை துறுதுறுத்தது. தட்டைக் கவிழ்த்து மடியில் வைத்து, நீளமாக ஒன்றும் குட்டையாக ஒன்றுமாக இரண்டு குச்சியால் ஓர் அடி அடித்துக் காட்டிவிட்டாள். குமராட்சிப் பக்கம் சாவு ஊர்வலங்களில் அவள் அப்பா பறையில் அடிக்கும் அடி. அதை முதலில் பிடித்தவள் இசைவாணி, வகுப்பில் வாயே திறக்காத பெண். அன்றிலிருந்து மற்ற பிள்ளைகளுக்கு அவள்தான் வாத்தியார்.

அப்பா பறையடிப்பது பள்ளியில் யாருக்கும் தெரியாது. கேட்டால் விவசாயம் என்று சொல்லிவிடுவாள்.

வட்டாரக் கல்வி அலுவலர் சுப்பராயலு பள்ளியைப் பார்வையிட வந்தபோது, ஏதாவது செய்து காட்டச் சொன்னார். பிள்ளைகள் தட்டை எடுத்து அந்த அடியையே அடித்தார்கள். தலைமையாசிரியை ராமாமிர்தம் குனிந்து ஜான்சியின் காதில் முணுமுணுத்தார்.

“என்னம்மா இது, சாவு மேளமாட்டம் இருக்கு?”

சுப்பராயலு முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. “இத யாரு சொல்லிக் குடுத்தது?” என்றார்.

“நான் இல்ல சார். தெருவுல பாத்துட்டு வந்து அடிக்குதுங்க” என்றாள் ஜான்சி.

இசைவாணி எழுந்து நின்றாள். “நீங்கதான டீச்சர் காமிச்சீங்க? நீட்டுக் குச்சி இந்தக் கையி, குட்டக் குச்சி அந்தக் கையின்னு?”

“பொய் சொல்லாத. உக்காரு.”

பிள்ளை உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தாலாவது தேவலை என்று சிதம்பரம் பஸ்ஸில் திரும்பும்போது ஜான்சிக்குத் தோன்றியது. வழக்கம்போல அப்பா போன் செய்தார். அவள் எடுக்கவில்லை.

மறுநாள் வட்டத்தில் இசைவாணியின் கையில் மட்டும் தட்டு இல்லை, கழுவிப் பைக்குள் வைத்துவிட்டிருந்தாள். ஏனென்று கேட்டதற்குத் தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

“நான் தெருவுல கத்துக்கல டீச்சர்.”

“தெரியும்மா. நான்தான் பொய் சொன்னேன்.”

“அத சார்கிட்ட சொல்லலியே நீங்க?”

ஜான்சிக்குக் காது சுட்டது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தலைமையாசிரியை அறைக்குப் போனாள். ராமாமிர்தம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுப்பராயலுவுக்குப் போன் போட்டாள்.

“சார், நேத்து புள்ள சொன்னதுதான் நெசம். நான்தான் காமிச்சேன். எங்கப்பா பறையடிக்கிறவரு. அது அவரு அடி.”

“இதுக்கா போன் பண்ணீங்க?” என்றார் அவர். “நல்லாருந்துச்சேன்னுதாம்மா யாருன்னு கேட்டேன். கடலூர்ல விழா வருது, புள்ளைங்கள அனுப்பலாமேன்னு பாத்தேன்.”

அவர் கடிந்துகொண்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். ராமாமிர்தம் மேசையில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எப்போதும் கொடுக்கும் காபியை அன்று கொடுப்பதா வேண்டாமா என்பதுபோலப் பிளாஸ்கை ஒருமுறை தொட்டார், பிறகு விட்டுவிட்டார்.

வகுப்புக்குத் திரும்பியதும் இசைவாணி பையிலிருந்து தட்டை எடுத்தாள். டீச்சர் பக்கம் திரும்பவில்லை. பக்கத்தில் தடுமாறிக்கொண்டிருந்த அன்பரசுவின் குச்சியைப் பிடித்து மாற்றிக் கொடுத்தாள்.

“நீட்டுக் குச்சி இந்தக் கையிடா.”

ஜான்சி ஒரு தட்டை எடுத்து மடியில் கவிழ்த்துக்கொண்டு வட்டத்தில் கடைசியாக உட்கார்ந்தாள். யாருக்கு அடுத்து யார் அடிப்பது என்று இசைவாணிதான் கை காட்டிக்கொண்டிருந்தாள். மணி அடிக்கும்வரை அந்தக் கை இவள் பக்கம் வரவேயில்லை.