பாங்கின் கைராசி

ஹைஃபாங் நகரத்துக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட என்னை யாரும் முதல் ஆளாகச் சாப்பிட விட்டதில்லை. பசிக்குக் குறைச்சல் இல்லை. காலை ஆறரைக்கு எங்கள் சந்து முனையில் சென் அத்தையின் நண்டு நூடுல்ஸ் சட்டி கொதிக்கும்போதே ஹெல்மெட்டும் கையுமாக அங்கே நிற்பேன். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பாங் வரட்டும், நீ அந்த மின்கம்பத்தோரம் போய் நில் என்பாள்.

பாங் என்னோடு ஒரே அறையில் இருப்பவன். ஒரே கம்பெனியில் என்னோடு சேர்ந்து ஏசி மாட்டுகிறவன். ஏழு மணிக்குத் தலைகூடச் சீவாமல், கொட்டாவி விட்டுக்கொண்டு ஆடி அசைந்து வருவான். அத்தையின் முகம் மலரும். முதல் கிண்ணம் அவனுக்கு. அவன் ஒரு வாய் உறிஞ்சிய பிறகுதான் எங்களைப் போன்ற பாவப்பட்ட ஜென்மங்களுக்கு முக்காலி கிடைக்கும்.

இதற்கெல்லாம் ஆரம்பம் நான் ஊருக்கு வந்த முதல் நாள் செய்த காரியம். லாங்சோன் மலையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கியவன், கடை திறந்ததும் போய் விலை கேட்டேன், சட்டியை எட்டிப் பார்த்தேன், நண்டு புதுசா என்று விசாரித்தேன். அதற்குள் மேஸ்திரி ஃபோனில் கூப்பிட, ஒன்றும் வாங்காமல் கிளம்பிவிட்டேன். திரும்பிப் பார்த்தால், அத்தை ஒரு பழைய செய்தித்தாளைக் கொளுத்தி நான் நின்ற இடத்தைச் சுற்றி வீசிக்கொண்டிருந்தாள். கொசு விரட்டுகிறாள் என்று நினைத்தேன். விரட்டியது என்னை. அன்று மழை கொட்டி, பாதிச் சட்டி மிச்சமானதாம். மறுநாள் பாங் போய்ப் போணி பண்ணினான். ஒன்பது மணிக்குச் சட்டி காலி. அன்றோடு அவன் ராசிக்காரன், நான் தரித்திரம் பிடித்தவன் என்று தீர்ப்பாகிவிட்டது.

தீர்ப்பு சந்து முழுக்கப் பரவியது. ரொட்டிக்காரி, ஐஸ் டீக்காரர், லாட்டரிச் சீட்டு விற்கும் கிழவர் எல்லோரும் காலையில் பாங்கைக் கை பிடித்து இழுப்பார்கள். என்னைக் கண்டால் சாமான்களை ஒழுங்குபடுத்துவது மாதிரிக் குனிந்துகொள்வார்கள். நான் பள்ளிக்கூடத்தில் அறிவியலில் முதல் மார்க் வாங்கியவன். இந்த மூடத்தனத்தை அம்பலப்படுத்தியே தீருவது என்று ஒரு நாள் இருட்டோடு எழுந்து போய், ரொட்டிக்காரி அடுப்புப் பக்கம் திரும்பியிருந்தபோது காசை வைத்துவிட்டு முதல் ரொட்டியை எடுத்துக்கொண்டேன். எட்டு மணிக்கெல்லாம் கூடை காலி. போய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். அப்புறம் பாங் வந்து வாங்கினானே, அதனால்தான் தப்பித்தேன் என்று அவள் மார்பில் கை வைத்துக்கொண்டாள்.

இந்த ஊரைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயங்களும் உண்டு. இங்கே மனிதர்கள் நலம் விசாரித்தால் சண்டைக்கு வருவது போலிருக்கும். டோசோன் கடல், நாங்கள் துணி துவைத்த தண்ணீர் நிறத்தில் இருக்கும். அதில் குளிக்க நூறு மைல் தாண்டி வருகிறார்கள். மாடிப்படிகள் எல்லாம் ஒல்லியானவர்களுக்காகக் கட்டப்பட்டவை. ஸ்கூட்டரில் ஏசிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, கப்பல் சங்கு ஊதுகிற தெருக்களில் நாள் முழுக்க அலைகிறவனுக்கு அபிப்பிராயம் வராமல் என்ன செய்யும்? ஊரிலிருக்கும் நண்பர்களுக்கு இதையெல்லாம் விரிவாக எழுதி அனுப்புவேன். ஒரு விஷயத்தை மட்டும் எழுதியதில்லை. அது சென் அத்தையின் மகள் லுவா.

லுவாவுக்கு இருபத்தொரு வயது. அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கீரை அலசுவாள். நான் மின்கம்பத்தோரம் நிற்கும்போது சில நாள் நிமிர்ந்து பார்ப்பாள். அந்தப் பார்வை பரிதாபமா வேறு ஏதாவதா என்று யோசித்தே என் காலைகள் போயின. பாங் வந்தால் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் சந்தேகமே இல்லை. அவனுக்கு நண்டுக் கொழுப்பு ஒரு கரண்டி அதிகமாக விழும். என் வயிறு எரிந்தது மிளகாயால் இல்லை.

நேர்மையாகச் சொன்னால் பாங் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

போன மாதம் லுவா தன் பெயரில் ஒரு கடை பிடித்தாள். சந்துக்கு எதிரே, கதவும் கூரையும் உள்ள நிஜமான கடை. பலகையில் 'லுவா நண்டு நூடுல்ஸ்' என்று சிவப்பில் எழுதினார்கள். பஞ்சாங்கம் பார்த்துச் சனிக்கிழமை காலை ஏழிலிருந்து எட்டுக்குள் நல்ல நேரம் என்று குறித்தார்கள். புதுக்கடையில் முதல் காலடி வைத்து முதல் கிண்ணம் சாப்பிடுகிறவனைப் பொறுத்துத்தான் கடையின் தலையெழுத்து. அந்த ஆள் யார் என்று யாரும் கேட்கக்கூட இல்லை. ஐஸ் டீக்காரர் பாங்கைப் புதுச் சட்டை எடுக்கச் சொன்னார். முதல் காலடி வைப்பவனே மருமகனாகிவிட்டாலும் ஆச்சரியமில்லை என்று ரொட்டிக்காரி என் காதுபடச் சொன்னாள்.

அதே வாரம் லுவா எங்கள் இருவரிடமும் எந்த வருஷம் பிறந்தீர்கள் என்று கேட்டாள். பன்னிரண்டு மிருகங்களில் எதன் வருஷத்தில் பிறந்தோம் என்பதை வைத்துத்தான் இங்கே பொருத்தம் பார்ப்பது. பாங், எருமை வருஷம் என்றான். நான், பூனை வருஷம் என்றேன். இதெல்லாம் நம்புகிறீர்களா என்று ஒரு பிரசங்கமும் செய்தேன். அவள் கீரையை உதறினாள். அவனுக்கும் தனக்கும் பொருத்தம் பார்க்கிறாள், மரியாதைக்கு என்னையும் கேட்டாள் என்று முடிவு கட்டினேன். அன்றிலிருந்து அந்தக் கடைப் பக்கம் போகவில்லை. பாங்கோடு பேச்சையும் நிறுத்தினேன்.

பத்தடிக்குப் பத்தடி அறையில் ஒருவனோடு பேசாமலிருப்பது சுலபமில்லை. புதன்கிழமை அவன் தன் பாயில் உட்கார்ந்து, "டேய் தோவான், லுவா உன்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னா" என்று ஆரம்பித்தான்.

"அவ பேச்சை என்கிட்ட எடுக்காதே" என்று சொல்லிவிட்டுக் காதில் பாட்டை மாட்டிக்கொண்டேன்.

வியாழக்கிழமை ஒரு மொட்டை மாடியில் ஏசி மாட்டும்போது, சனிக்கிழமை காலையில் என்று மறுபடி வாயைத் திறந்தான். நான் டிரில்லைப் போட்டுச் சுவரைத் துளைத்தேன். தேவைக்கு மேல் இரண்டு ஓட்டை விழுந்தது. ஃபோனில் எழுதி அனுப்புவான் என்று அவன் எண்ணையும் தடுத்து வைத்தேன். பக்கத்துப் பாயில் படுத்திருப்பவனின் எண்ணைத் தடுத்து வைத்த ஒரே ஆள் நானாகத்தான் இருக்கும்.

சனிக்கிழமை விடிந்ததும் கீழே போய் பாங்கின் ஸ்கூட்டர் டயரில் வால்வைப் பிடுங்கி எறிந்தேன். காற்று சீறிக்கொண்டு போனது கேட்க இனிமையாக இருந்தது. எட்டு மணிக்குள் அவன் போகக்கூடாது, அவ்வளவுதான் என் திட்டம். மேலே வந்து, இருக்கிற சட்டைகளில் நல்லதைப் போட்டுக்கொண்டேன். அவன் வராமல் எல்லோரும் தவிப்பதை அருகிலிருந்து பார்க்க வேண்டுமே.

பாங் பாயில் படுத்தபடி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். "அட, நல்ல சட்டை. சரி சரி, எட்டுக்கு முன்னாடி போயிடு" என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தான். நக்கல் பண்ணுகிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன்.

கடை வாசலில் பூவும் பழமும் வைத்துப் படைத்திருந்தார்கள். சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. துறைமுகத்து ஆட்கள் இரண்டு பேர் உள்ளே நுழையப் போனார்கள். லுவா இரண்டு கையையும் நீட்டித் தடுத்து, கொஞ்சம் கழித்து வரச்சொல்லி அனுப்பினாள். மணி ஏழு இருபது. சென் அத்தை வாசலுக்கும் தெருவுக்குமாக நடந்து பார்த்துவிட்டு, இந்தப் பயல் எங்கே தொலைந்தான் என்று திட்டிக்கொண்டே பாங்கைத் தேடிச் சந்துக்குள் போனாள். என் மனம் குளிர்ந்தது.

அப்போது லுவா என்னைப் பார்த்தாள். புதுப் பச்சைச் சட்டை போட்டிருந்தாள். நெற்றியில் வேர்வை.

"வந்துட்டீங்களா? உள்ள வாங்க" என்றாள். "அம்மா திரும்பி வர்றதுக்குள்ள சீக்கிரம் வாங்க."

என் கால் அசையவே செய்தது. வாசற்படிக்கு மூன்றடிதான். அந்த மூன்றடிக்காக எட்டு மாதம் மின்கம்பத்தோரம் நின்றவன் நான். ஆனால் அம்மா வருவதற்குள் என்று சொன்னாளே, அது என் மண்டையில் போய் உட்கார்ந்தது. ராசிக்காரனைக் காணோம், நேரம் ஓடுகிறது, வேறு வழியில்லாமல், அம்மாவுக்குத் தெரியாமல், இந்தத் தரித்திரத்தையாவது இழுத்துப் போடுவோம் என்று பார்க்கிறாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"நான் என்ன ஸ்டெப்னியா?" என்றேன். "உங்க ராசிக்காரனையே கூட்டிட்டு வர்றேன், இருங்க."

அவள் பின்னாலிருந்து ஏதோ சொன்னாள். நான் ஸ்கூட்டரைக் கிளப்பிய சத்தத்தில் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நின்றிருக்க மாட்டேன்.

பாங் எங்கள் வீட்டுக்குப் பின்னால், பெரிய தெருவில் பஞ்சர் ஒட்டுகிற கடைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தான். குறுக்கே நிறுத்தி, ஏறு என்றேன். அவன் முகம் பூரித்துப் போனது. மூன்று நாளுக்குப் பிறகு பேசுகிறேன் இல்லையா.

"போணி பண்ணிட்டியா?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வியையும் நக்கல் என்றே எடுத்துக்கொண்டேன். வாயை அடைப்பதற்காக, "ஆச்சு, ஆச்சு, ஏறு" என்றேன். அவன் என் தோளில் ஓங்கி ஒரு தட்டு தட்டி, தன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஏறிக்கொண்டான். வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டே வந்தான். அவ்வளவு சந்தோஷத்தில் ஒருவனை நான் அதுவரை வண்டியில் ஏற்றியதில்லை.

கடைக்கு வந்தபோது மணி எட்டாகப் பத்து நிமிஷம் இருந்தது. சென் அத்தை வாசலில் நின்றிருந்தாள். பாங்கைக் கண்டதும் ஓடி வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். லுவா உள்ளேயிருந்து, "அம்மா, வேண்டாம்மா" என்று சொல்வதற்குள் அவன் வாசற்படியைத் தாண்டியிருந்தான். அத்தையே கிண்ணத்தை நிரப்பி அவன் முன்னால் வைத்தாள். பாங் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, யாரும் சாப்பிட்ட அடையாளமே இல்லாமல் சுத்தமாக இருந்த மற்ற மேஜைகளைச் சுற்றிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். குச்சியை மெதுவாகக் கீழே வைத்தான்.

"டேய், ஆச்சுன்னு சொன்னியே" என்றான்.

வெளியே காத்திருந்த கூட்டம் அதற்குள் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. லுவா கரண்டியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். கத்தவில்லை. இந்த ஊர்க்காரி கத்தாமல் பேசி அன்றுதான் கேட்டேன்.

"நான் ஆட்டு வருஷம். எருமை வருஷத்து ஆள் எனக்கு ஆகாது. பூனை வருஷத்து ஆள்தான் ஆகும்" என்றாள். "அம்மாகிட்ட சொன்னா விடமாட்டாங்க. அதனாலதான் பாங்கண்ணாகிட்ட சொல்லி அனுப்பினேன். எட்டு வரைக்கும் அவர் வரவேண்டாம், உங்களை அனுப்பணும்னு."

அந்த நேரத்தில் என் வாயில் வந்ததைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. இதையெல்லாம் நம்புகிறீர்களா என்றேன்.

"பூனை வருஷத்து ஆளுங்க ஊர் பூரா இருக்காங்க" என்றாள். "நீங்க எந்த வருஷம்னு கேட்டது பொருந்தணுமேங்கற பயத்துல. பொருந்திச்சு."

நேரில் சொல்லியிருக்கலாமே என்று முனகினேன்.

"வாசல்ல நின்னு நானே கூப்பிட்டேனே" என்றாள். "அதுக்கு மேல ஒரு பொண்ணு எப்படிச் சொல்லுவா?"

உள்ளேயிருந்து அத்தை கூப்பிட்டாள். அவள் போய்விட்டாள். பாங் என்னைக் கடந்து வெளியே போனான். வால்வு போன டயரைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. அது யார் வேலை என்று அவனுக்கு அப்போது புரிந்திருக்க வேண்டும்.

அன்று வியாபாரம் அமோகம். எருமையாவது ஆடாவது, ஒன்பதரைக்குள் சட்டி வழித்துத் துடைத்தாற்போல ஆகிவிட்டது. கை என்றால் அது பாங்கின் கை என்று ரொட்டிக்காரியும் ஐஸ் டீக்காரரும் மாறி மாறிப் புகழ்ந்தார்கள். நான் கிளம்ப மனமில்லாமல் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டிருந்தேன். சென் அத்தை ஈரக்கையைத் துடைத்தபடி ரோட்டைத் தாண்டி என்னிடம் வந்தாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நல்ல நேரத்துல அவனைக் கொண்டுவந்து சேர்த்தே தம்பி" என்றாள். "உன்னைப் போய் இத்தனை நாள் தப்பா நினைச்சுட்டேன். நீ அவன் கூட இருக்கிறவன், உனக்குத் தெரிஞ்சிருக்கும். அவன் அப்பா அம்மா எந்த ஊரு? வீட்டுக்குப் பெரியவங்களை அனுப்பிப் பேசணும்னா எங்க போகணும்?"

உள்ளே லுவா மேஜைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் பேசுவது அவளுக்குக் கேட்கிற தூரம்தான். அவள் நிமிர்ந்து பார்ப்பாள் என்று காத்திருந்தேன். பார்க்கவில்லை.

பாங்கின் ஊருக்கு நாம்தின் பஸ் நிலையத்தில் இறங்கி மேற்கே போகவேண்டும் என்று அத்தைக்கு வழி சொன்னேன்.