கோமுவின் உறைமோர்

கொதிக்கிற பாலில் உறை ஊற்றினால் என்ன ஆகும் என்று ஆவுடைநாயகம் சாரைக் கேட்டால் ஒரு பீரியட் முழுக்கப் பேசுவார். காலமெல்லாம் உயிரியல் எடுத்த வாத்தியார் அல்லவா! புல் வெயிலைப் பிடித்துச் சர்க்கரையாக்கி வைக்கும், மாடு புல்லைத் தின்று பால் கொடுக்கும், பாலில் உள்ள சர்க்கரையை உடைத்து, அதில் வரும் சக்தியில் தயிர்க் கிருமி பிழைக்கும், பால் புளித்து உறையும். “நீங்க திங்கிற தயிர்சாதத்துல வெயிலுல்லா இருக்கு!” என்பார். சூடு மிஞ்சினால் கிருமி செத்துப்போகும் என்றும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அப்பேர்ப்பட்ட மனுஷன் செய்த காரியத்தைப் பாருங்கள்.

சாயங்காலம் பால் பொங்கும் நேரத்தில் ஓசூரிலிருந்து மகள் அனுராதா போன். “வீட்டப் பூட்டிட்டு இங்க வந்திருங்கப்பா. ஒத்தையில கெடந்து என்ன செய்யப்போறீங்க?” ம் கொட்டிக்கொண்டே, கிண்ணத்தில் இருந்த உறைமோர் மொத்தத்தையும் கொதிக்கிற பாலில் ஊற்றிவிட்டார். பால் திரிந்தது. அப்புறம்தான் உறைத்தது.

“அட பாவி!” என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

அது லேசுப்பட்ட உறை இல்லை. அவர் சம்சாரம் கோமு கல்யாணமாகி ஆழ்வார்குறிச்சியிலிருந்து வந்தபோது தூக்குவாளியில் கொண்டுவந்தது. தினமும் ஒரு கரண்டி மிச்சம் வைத்து, விட்டுப்போகாமல் காப்பாற்றி வந்தாள். பங்குனியில் அவள் போய்ச் சேர்ந்த பிறகு, அவள் கைபட்டதில் உயிரோடு இருந்தது அது ஒன்றுதான். அதையும் கொன்றாயிற்று. அடுப்படியில் நின்று வாய்விட்டு அழுதார். கேட்க அங்கே யாரும் இல்லை.

அழுது முடித்ததும்தான் பக்கத்து வீட்டு ஜெபராணி நினைவுக்கு வந்தாள். அவள் இங்கே குடிவந்த புதிதில் கோமு உறை கொடுத்தது லேசாக ஞாபகம். அக்கம்பக்கத்துப் பேச்செல்லாம் கோமு பொறுப்பு. அவர் அந்த வாசல்படி மிதித்ததே இல்லை. இப்போது கிண்ணத்தோடு போய் நின்றார்.

“ஜெபராணி, கோமு குடுத்த உறை இன்னும் இருக்காம்மா?”

“இருக்கு சார். ஒரு நாளும் விட்டுப்போவல. ஆனா விளக்கு வச்சாச்சே! காலையில தாரேன்.”

“நீங்க வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்கல்லா? உங்களுக்கு என்னம்மா விளக்குக் கணக்கு?”

“அக்கா சொன்னது சார். விளக்கு வச்ச பெறவு யார் கேட்டாலும் உறை குடுக்கப்பிடாதுன்னாவ. அக்கா பேச்சை நான் தட்டுனதில்ல.”

அவருக்குக் கோபம் வரவில்லை. இந்த வீட்டிலும் இன்னும் கோமுதான் அதிகாரம் பண்ணுகிறாள் என்று தோன்றியது. வெறும் கிண்ணத்தோடு திரும்பி, தயிர் இல்லாமல் ரசம் மட்டும் ஊற்றிச் சாப்பிட்டுப் படுத்தார்.

விடிந்ததும் ஜெபராணி எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளரில் கோமு என்று பெயர் வெட்டியிருந்தது. “அன்னைக்கு உறை குடுத்த டம்ளர் சார். திருப்பிக் குடுத்தா அக்கா வாங்க மாட்டேன்னுட்டாவ.”

அன்று பாலைக் காய்ச்சி ஆறவிட்டு, கோமு செய்வதுபோல் சுண்டுவிரலை விட்டுப் பார்த்து, பைய உறை ஊற்றினார். சாயங்காலம் கட்டித் தயிர். ஒரு வாய் போட்டதும் அதே புளிப்பு.

மறுநாள் காலையில் அந்த டம்ளர் நிறையத் தயிரை எடுத்துக்கொண்டு ஜெபராணி வீட்டு வாசலில் போய் நின்றார்.

“எதுக்கு சார்? எங்கிட்டதான் இருக்கே!”

“இருக்கட்டும்மா, கோமு திருப்பி வாங்காத டம்ளர்ல்லா. அனுராதா கூப்பிடுதா, நான் போவல. ஆனா எனக்கும் வயசாவுது. என் வீட்டுல ஒருநாள் உறை அத்துப்போச்சுன்னா, உன் வீட்டுலயாவது உன் அக்கா இருக்கணும்.”